ஏரிக்கு வரும் விருந்தாளிகள்

பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் நின்றால், கொக்குகள் கூட்டம் கூட்டமாக அடையப் போவதைப் பார்க்கலாம். 'இதனால நமக்கென்ன?' என்பீர்கள்.

வேடந்தாங்கல் குடியானவர்களைக் கேளுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுலாக எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி சரணாலயம் ஆயிற்று. ஊராருக்கு இதில் என்ன லாபம்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்குப் பாய்ந்தால், அதுவே தழைச்சத்து உரம்!

பறவைகளைக் கணக்கெடுப்பதும் கஷ்டமில்லை. பொழுது சாயுமுன் ஒரே இடத்தில் நின்றுகொள்ளுங்கள். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பாருங்கள். பிறகு கூட்டத்தில் அப்படி எத்தனை பத்து என்று மதிப்பிடுங்கள். களத்து மேட்டில் நெல் அம்பாரத்தைக் கண்ணாலேயே மதிக்கிறோமே, அதே மாதிரிதான்.

தேதி போட்டு நோட்டில் குறித்து வையுங்கள். வருஷா வருஷம் எண்ணிக்கை குறைந்தால், ஏரிக்கு என்ன கேடு வந்தது என்று கேட்க அதுவே சாட்சி. அன்றைக்கு வேடந்தாங்கலுக்குக் கவுல். இன்றைக்கு நமக்கு இந்த நோட்டு.