பொறி பிறக்கும் இடம்: பழைய புல்லட்டும் ஒரு நூற்றாண்டுத் தேடலும்

பெட்ரோல் இயந்திரத்தின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன சிலிண்டரும் பிஸ்டனும் சக்கரமுமே. ஆனால் அவ்வியந்திரத்தை முதலில் உருவாக்கியவர்களின் உறக்கத்தைக் கெடுத்தவை இவை அல்ல. மூடிய இரும்புப் பாத்திரத்தினுள், நிமிடத்திற்குப் பல நூறு முறை, ஒவ்வொரு முறையும் குறித்த கணத்தில் தீ மூட்ட வேண்டும். கார்ல் பென்ஸ் தம் பணியிலேயே மிகக் கடினமானது இதுதான் என்று கருதினார். இன்று பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று சாலையோரத்தில் நின்றுவிட, அதை உதைத்து உதைத்துக் களைத்தவர் எதிர்கொள்வதும் அதே சிக்கலைத்தான். பழுதைத் தேடுபவர் தம்மை அறியாமலே அந்த வரலாற்றின் படிகளில் இறங்குகிறார். படிகள் எவை என்று அறிந்து இறங்கினால் வேலை எளிதாகும் என்பது நம் கருத்து.

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் ஏற்கும் டைம்லரின் 1885ஆம் ஆண்டு வண்டியில் மின்பொறியே கிடையாது. வெளியே ஒரு சிறு சுடர் குழாய் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருக்கும். அக்குழாயின் சூட்டில் உள்ளிருக்கும் வாயுக் கலவை பற்றிக்கொள்ளும். எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்பது மனிதன் கையில் இல்லை. மின்சாரத்தை நாடியவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு கருவி ஆயத்தமாக இருந்தது. 1836இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் நிக்கோலஸ் கேலன் என்னும் பாதிரியார்-பேராசிரியர் தூண்டு சுருளை அமைத்தார். பாரிஸில் ரூம்கோர்ஃப் அதைச் செம்மைப்படுத்தினார். இரும்பின்மேல் தடித்த கம்பி சில நூறு சுற்றுகள், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகள். தடித்த கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென அறுத்தால் மெல்லிய கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. ஓடும் மின்சாரம் அன்று, அறுபடும் மின்சாரமே பொறியைத் தருகிறது என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் பழுதுகளுள் பாதிக்கு விளக்கம் இதில் அடங்கியுள்ளது.

அறுப்பது அத்துணை எளிதாகவும் இல்லை. இரு உலோக முனைகள் பிரியும்போது மின்சாரம் நின்றுவிடாமல், இடைவெளியைத் தாவி நீலச்சுடராக ஓட முயல்கிறது. அறுப்பு மந்தமாகிறது, பொறி நோஞ்சானாகிறது. 1853இல் பிரெஞ்சு அறிஞர் ஃபிஸோ, அம்முனைகளுக்கு இணையாக ஒரு மின்தேக்கியை வைக்கலாம் என்று கண்டார். தாவ முயலும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ள, அறுப்பு சட்டென்று நிகழ்கிறது. ஒளியின் வேகத்தை அளந்தவர் என்று நாம் பாடநூலில் படித்த அதே ஃபிஸோதான். நம்மூர் மெக்கானிக் "கண்டென்சர் போயிடுச்சு சார்" என்று கையில் எடுத்துக் காட்டும் சுண்டுவிரல் அளவுத் தகர உருளை அவருடைய எண்ணத்தின் வாரிசு.

1860இல் லெனுவாரின் வாயு இயந்திரம் இந்தச் சுருளையும் மின்கலத்தையும் கொண்டே எரிந்தது. ஆயினும் அக்கால மின்கலம் கனமானது, விரைவில் தீர்ந்துபோவது. மின்கலமே வேண்டாம் என்ற வழியை ஸ்டுட்கார்ட்டில் ராபர்ட் போஷின் பட்டறை பிடித்துக்கொண்டது. காந்தத்தின் நடுவே சுருளைச் சுழற்றி மின்சாரத்தை அங்கேயே உண்டாக்கும் மேக்னெட்டோவை 1887இல் அது நிலையான இயந்திரம் ஒன்றிற்குச் செய்து தந்தது. 1897இல் வேகமாகச் சுழலும் த தியோன்-பூட்டோன் மூன்றுசக்கர வண்டி ஒன்றுக்கு அதைப் பொருத்தியது. 1902இல் போஷின் பொறியாளர் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் அமைத்தார்.

அதன் பின் நிகழ்ந்தது அரசியல். 1914இல் போர் மூண்டபோது, தன் வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் தேவையான மேக்னெட்டோக்களுக்குப் பகை நாட்டின் ஒரே நிறுவனத்தைத்தான் தான் பெரிதும் நம்பியிருந்ததைப் பிரிட்டன் அதிர்ச்சியுடன் உணர்ந்தது. பர்மிங்காமில் தாம்சன்-பென்னட் என்ற சிறு நிறுவனம் மட்டுமே சொல்லத்தக்க அளவில் அதைச் செய்துவந்தது. அதே ஆண்டில் விளக்கு வணிகத்தில் பெயர்பெற்ற லூகாஸ் அதை வாங்கிக்கொண்டது. பின்னாளைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் லூகாஸ் பெயர் பொறித்த மேக்னெட்டோ இடம்பெற்றதற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆக, இரண்டு குடும்பங்கள். பழுது தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது இவ்வண்டி எக்குடும்பத்தது என்பதையே. மேக்னெட்டோவில் வேகம் கூடக் கூடப் பொறியும் வலுக்கும். உதைக்கும் நேரத்தில்தான் அது மிகவும் மெலிந்திருக்கும். காயில் வண்டியிலோ உதைக்கும்போதே முழுப் பொறி கிடைத்துவிடும், மின்கலம் நன்றாயிருந்தால். மின்கலம் செத்தால் எல்லாம் செத்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பிஎஸ்ஏ எம்20 போன்ற வண்டி காலையில் ஒழுங்காகக் கிளம்பி, பத்து மைலில் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் கிளம்புமானால், பெட்ரோலில் குப்பை என்று கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலையாகவே முடியக்கூடும். மேக்னெட்டோவின் சுழலும் பகுதிக்குள்ளேயே கண்டென்சர் அடைபட்டுக் கிடக்கிறது; சுருளைக் காக்கும் அரக்குப் பூச்சும் சூட்டில் இளகுகிறது. முதலில் ஐயுற வேண்டியவை அவைதான்.

நம் நாட்டில் மிகுதியாக ஓடிய பழைய வண்டியாகிய புல்லட், காயில் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955இல் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டபின்னும் திருவொற்றியூரில் அதே வண்டி அதிக மாற்றமின்றி வந்துகொண்டிருந்தது. 1977 முதல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. இடையில் போஷின் தொடர்புடைய மைகோ 1951இல் பெங்களூரிலும், லூகாஸ் டிவிஎஸ் 1961இல் சென்னைப் பாடியிலும் நிலைகொண்டன. 1914இல் எதிரெதிர் அணியில் நின்ற இரு பெயர்கள் நம்மூர் உதிரிபாகக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் பிளக்காகவும் பாயிண்டாகவும் அருகருகே அமர்ந்தன. இதற்கெல்லாம் கலைச்சொல் அகராதிகள் நல்ல தமிழ்ப் பெயர்கள் தந்துள்ளன. ஆனால் பட்டறையில் வழங்கும் மொழி பிளக், பாயிண்ட், காயில், கரண்டு என்பதே. தமிழ் கற்பிக்கும் நாம் இவ்விடத்தில் பட்டறையின் பக்கமே நிற்கிறோம்.

புல்லட்டின் முகப்பு விளக்கின் மேல் ஒரு சிறு அம்மீட்டர் உண்டு. பலர் அதை அலங்காரம் என்று எண்ணுகின்றனர். நம் பார்வையில் அவ்வண்டியின் மிகச் சிறந்த உறுப்பு அதுவே. விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் சேர்ந்திருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் பாய, முள் இடப்புறம் சாயும். பாயிண்ட் பிரியும்போது முள் நடுவுக்குத் திரும்பும். புல்லட்டை உதைக்கக் கற்றவர்கள் இந்தத் திரும்பலைப் பார்த்தே, டீகம்ப்ரசரைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் பிறகு ஓங்கி உதைப்பார்கள். உதைக்கும் முறையைக் காட்டும் அந்த முள் நோயையும் காட்டும். எவ்வளவு மெதுவாகச் சுற்றியும் முள் நடுவிலேயே நின்றால் காயிலுக்கு மின்சாரமே போகவில்லை: மின்கலம், ஃபியூஸ், சாவி, அல்லது மாதக்கணக்கில் நின்ற வண்டியாயின் பாயிண்ட் முகத்தில் படிந்த எண்ணெயும் களிம்பும். முள் இடப்புறமே ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தால் மின்சாரம் அறுபடவில்லை: பாயிண்ட் விரியவில்லை, அல்லது கம்பி எங்கோ வண்டியின் உடம்பைத் தொடுகிறது, அல்லது கண்டென்சர் உள்ளேயே ஒன்றாகிவிட்டது. முள் ஒழுங்காக ஆடியும் பிளக்கில் பொறி இல்லையெனில் முதற்பாதி பெரும்பாலும் நலம். காயிலின் மெல்லிய கம்பி, தடித்த பிளக் ஒயர், அதன் தொப்பி, பிளக், இவற்றோடு கண்டென்சரையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் தேடும் பரப்பைப் பாதியாக்கிவிட்டோம்.

கண்டென்சர் இரு பக்கமும் வருவதைக் கவனித்திருக்கலாம். பாயிண்டுக்கிடையே தடித்த நீலச்சுடர் துள்ளினால், பாயிண்ட் முகம் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் மேடிட்டால், ஃபிஸோ 1853இல் தீர்த்துவைத்த சிக்கல் மீண்டும் வந்துவிட்டது என்று பொருள். நல்லது என்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. கடையில் வாங்கும் புதியதே பழுதாக இருக்கிறது என்பது பழைய வண்டி வைத்திருப்போரிடம் இன்று பரவலாகக் கேட்கும் முறையீடு. ஆகவே புதியதை மாட்டியும் நோய் தீரவில்லையெனில் கண்டென்சரை உடனே குற்றமற்றதெனத் தீர்ப்பளிக்க வேண்டாம்.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் துருவை இன்னும் கடுமையாகக் கண்காணிக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு ஒன்று 1 வோல்ட்டைத் தின்றால் 12 வோல்ட் வண்டி பன்னிரண்டில் ஒரு பங்கை இழக்கிறது. 6 வோல்ட் வண்டி ஆறில் ஒரு பங்கை இழக்கிறது.

கடைசியாக, காலம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிஸ்டன் உச்சியை எட்ட ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இருக்கையில் பாயிண்ட் பிரியத் தொடங்க வேண்டும் என்பது பழைய 350 புல்லட்டுக்குரிய கணக்கு. இடைவெளியை முதலில் வைத்துவிட்டே காலத்தை வைக்க வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் முந்திப் பிரியும், காலமும் தானே மாறிவிடும். பிரியும் கணத்தை அறியப் பழைய மெக்கானிக்குகள் மெல்லிய சிகரெட் தாளை இடையில் வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். இதில் சோம்பல் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பொறி மிகவும் முந்தினால் பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னே வெடித்து எஞ்சின் பின்னோக்கிச் சுழலும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். வேகத்திற்கேற்பப் பொறியை முன்தள்ளும் கருவியின் சுருள்வில் தளர்ந்து, அது முந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும் இதே அடிதான். அந்த அடியில் கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு.

1969இல் கவாஸாகியின் 500 சிசி வண்டி பாயிண்ட் இல்லாத மின்னணு முறையுடன் வந்தது. புல்லட் அதை ஏற்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின; 2000களின் இறுதியில் புதிய எஞ்சின் வந்தபின் பாயிண்ட் புல்லட்டை விட்டு முற்றாக நீங்கியது. புதிய பெட்டி தேயாது, துருவாது, இடைவெளி வைக்கச் சொல்லாது. அதன் நன்மையை நாம் மறுக்கவில்லை. பழுதானால் திறந்து பார்க்க அதனுள் ஒன்றுமில்லை, மாற்றத்தான் வேண்டும். பழைய புல்லட்டில் மின்னணுப் பெட்டியைப் பொருத்திக்கொண்டவர்களுள் சிலர் கழற்றிய பாயிண்ட் தட்டையும் ஒரு கண்டென்சரையும் துணியில் சுற்றிப் பக்கவாட்டு டூல் பாக்ஸிலேயே வைத்திருக்கிறார்கள்.