செங்கற்பட்டில் பிறந்த பெயர்

சென்னையிலிருந்து தெற்கே இரயிலேறிச் செல்வோர் செங்கற்பட்டை நெருங்குகையில் கொளவாய் ஏரியைக் காண்பர். ஏரியாலும் பழைய கோட்டையாலும் அறியப்படும் இவ்வூர், இந்தியத் திரையுலகின் தலைசிறந்த நடிகையர் ஒருவரின் பிறப்பிடம் என்பதை நம்மவரிற் பலர் அறியார். வஹீதா ரஹ்மான் அம்மையார் 1938 பிப்ரவரி 3-ஆம் நாள் இங்குதான் பிறந்தார். நெடுங்காலம் ஏடுகள் அவரை ஹைதராபாத்துக்காரர் என்றே எழுதிவந்தன; நாமும் அதை நம்பியிருந்தோம். நஸ்ரீன் முன்னி கபீருடன் அவர் நிகழ்த்திய உரையாடல் 2014-இல் நூலாக வந்தபோது, அவர் வாய்மொழியாலேயே அவ்வையம் நீங்கிற்று.

தக்கனி முஸ்லிம் குடும்பம். தந்தையார் அரசு அதிகாரி. மாற்றலாகும் ஊர்தோறும் குடும்பமும் உடன் சென்றது. நான்கு பெண்மக்களில் வஹீதா இளையவர். பரதம் பயில விரும்பி, திருச்செந்தூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகியபோது, முஸ்லிம் சிறுமிக்குக் கற்பிக்க அப்பெரியவர் தயங்கினார். பின்னர் ஜாதகம் கேட்டார். இவர்கள் வீட்டில் ஜாதகம் ஏது? பிறந்த நாளைக் கேட்டறிந்து அவரே கணித்துப் பார்த்து, மாணவியாக ஏற்றுக்கொண்டாராம். உறவினர் எதிர்ப்புக்குத் தந்தையார் அளித்த விடையும் நினைக்கத்தக்கது: தொழிலில் இழிவில்லை, செய்பவரின் நடத்தையிலேதான் அது இருக்கிறது என்பது அவர் கருத்து. அத்தந்தை நெடுநாள் வாழவில்லை. மருத்துவராக விரும்பிய மகள் குடும்பத்தைத் தாங்கத் திரைக்கு வந்தார்.

1955-இல் 'ரோஜுலு மாராயி' என்னும் தெலுங்குப் படத்தில் ஆடிய ஒரு நடனம் அவரைப் புகழேணியில் ஏற்றிற்று. தமிழிலும் 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் அவர் நடனம் உண்டு. குருதத் அவரை ஹைதராபாத்தில் கண்டு பம்பாய்க்கு அழைத்தார்.

பம்பாயில் ஒப்பந்தம் எழுத அமர்ந்தபோது, 'சி.ஐ.டி.' படத்தின் இயக்குநர் ராஜ் கோஸ்லா, இப்பெயர் நீளமானது, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். அவருக்குச் சான்றுகளுக்கா பஞ்சம்? யூசுப் கான் திலீப் குமார் ஆகியிருந்தார்; மும்தாஜ் ஜஹான் மதுபாலாவாகவும், மஹ்ஜபீன் மீனா குமாரியாகவும் ஆகியிருந்தனர். அவர்களை நாம் குறைகூற வரவில்லை; அன்றைய திரைச்சந்தை அவ்வாறு கேட்டது. ஆனால், பதினெட்டு வயது நிரம்பாததால் தாயே கையொப்பமிட வேண்டியிருந்த இப்பெண், இது பெற்றோர் இட்ட பெயர், மாற்றமாட்டேன் என்று நின்றார். அறையில் இருந்தோர் திகைத்தனர். சில நாட்களில் அவர்களே இணங்கினர். அத்தோடும் விட்டாரில்லை, பிடிக்காத உடையை உடுத்தமாட்டேன் என்னும் நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்தார். வாய்ப்புத் தேடி வந்த ஒரு புதுமுகத்திடம் இத்துணை உறுதியை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. அரபியில் 'வஹீதா' என்றால் ஒப்பற்றவள்.

பெயரைப் பற்றிப் பேசுகையில் அவர் பிறந்த மண்ணின் இன்னொரு செய்தி நம் நினைவுக்கு வருகிறது. செங்கற்பட்டிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மாமல்லபுரம். அங்குள்ள இரதங்களையும் பாறைச் சிற்பங்களையும் செதுக்கியவர் யாவர் என அச்சிற்பங்களில் எழுதிவைக்கவில்லை. ஊருக்கு அண்மையில் பூஞ்சேரிப் பாறையிலோ, கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் எனச் சில பெயர்கள் பழைய எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கற்பணியாளர் பெயர்கள் இவை என்பது ஆய்வாளர் கருத்து. மன்னனின் பட்டங்களுக்கு இடையே தம் பெயருக்கு இடமில்லை எனக் கண்டு ஒதுக்குப்புறத்தில் பொறித்தனர் போலும்.

பெயரில் காட்டிய பிடிவாதம் தற்பெருமையன்று என்பதற்குப் 'பியாசா' (1957) சான்று. அதில் தம் பாடல் காட்சி ஒன்று கதையோட்டத்தைத் தடுக்கிறது என்று அவரே சொன்னார். இயக்குநர் முதலில் ஏற்கவில்லை. பின்னர் அது நீக்கப்பட்டது. தம் முகம் திரையில் குறைய வேண்டும் எனக் கேட்கும் நடிகர் எத்தனை பேர்? 1965-இல் 'கைடு' படத்தில், கணவனை விட்டு நீங்கும் நாட்டியக்காரி ரோஸியாக நடிக்க வேண்டாம் எனப் பலர் தடுத்தும் துணிந்து ஏற்றார். ஆர். கே. நாராயணின் கதை அது. 1974-இல் மணம் புரிந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார். 2018-இல் 'விஸ்வரூபம் 2' படத்தில் முதிய தாயாகத் தமிழ்த்திரையில் தோன்றினார்.

2021-ஆம் ஆண்டுக்கான தாதாசாகெப் பால்கே விருது 2023 அக்டோபரில் புதுடில்லியில் அவருக்கு வழங்கப்பட்டது. மேடையில் நா தழுதழுக்கப் பேசியவர், இயக்குநர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் நன்றி கூறியதோடு நில்லாமல், ஒப்பனை செய்தோர், தலைவாரிவிட்டோர், உடை தைத்தோர் ஆகியோரையும் நினைவுகூர்ந்து, ஒருவர் தனித்துப் படம் ஆக்க இயலாது, இது அவர்கள் அனைவருக்கும் உரியது என்றார். விருதுப் பட்டியலில் அச்சாகியிருந்தது, 1955-இல் மிக நீளம் எனப்பட்ட அதே பெயர்.