மலையில் மூச்சு வாங்கும் எஞ்சின்

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியா முழுக்க சைலன்சர் சத்தம்தான். சத்தம் கூடினால் பவரும் கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சும்மா சைலன்சரைக் கழற்றினால் பெரும்பாலும் கூடுவது சத்தம் மட்டும்தான். அப்படியென்றால் புகைக்குழாயை ஏன் மாற்றுகிறார்கள்? இந்த மலையின் காற்றிலிருந்து தொடங்குவோம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும். கொழும்பில் துள்ளி ஓடும் கார் இங்கே வந்து மூச்சு வாங்குவது அதனால்தான்.

அந்தக் குறையை நிரப்புவது சூப்பர்சார்ஜர். எஞ்சினோடு சேர்ந்து சுழன்று, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அதன் மூத்த வடிவம் காருக்காகப் பிறந்ததல்ல. 1860இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஊதுகருவி, இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதியது. 1921இல் மெர்சிடிஸ் அதைக் கார்களில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 13 வருடம் கழித்து, 1934இல், நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கியது.

ஆனால் உள்ளே தள்ளினால் மட்டும் போதாது. ஒன்றரை மடங்கு காற்று உள்ளே போனால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு புகை வெளியே வர வேண்டும். பழைய குழாய் அதற்குக் காணாது. புகை தேங்கினால் சிலிண்டருக்குள் சூடான மிச்சம் தங்கும். எஞ்சின் தட்டும், பிஸ்டனே உடையலாம். 2 அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் வழி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் விரியும். டர்போ என்றால் புகையின் பாதையிலேயே ஒரு சக்கரம் குறுக்கே நிற்கும். சூப்பர்சார்ஜரில் அந்தத் தடை இல்லை. அதனால் குழாயைத் தாராளமாகத் திறக்கலாம், நல்ல சைலன்சரையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு நம்ம ஆட்களுக்குப் புதிதா என்ன? தேயிலை பெக்டரிக்குள் போய்ப் பாருங்கள். உலர்த்தியில் சூடான காற்றை ஊதுகிறார்கள். ஈரக் காற்று வெளியே போகாவிட்டால் தூள் காயாது. அசாமின் கச்சாரில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சாமுவேல் டேவிட்சன், 1881இல் பெல்ஃபாஸ்ட் நகரில் சிரொக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். அவருடைய உலர்த்திகள் இலங்கைத் தோட்டங்களுக்கும் வந்தன. டேவிட்சன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் சூட்டைக் கைபட்டே அறிந்து, தூள் கருகாமல் பார்த்துக்கொண்ட நம் தாத்தாக்களின் பெயர் எங்கே?

கார் ரேஸிலும் அதே கதைதான். அன்று கார் வைத்திருந்தது துரைமார். தோட்டத்து ரோடுகளை வெட்டியது நம்மவர்கள். ஓட்டியவரின் பெயரும் நேரமும் எழுதப்படுகின்றன. கல் உடைத்தவரையும், கராஜில் எண்ணெய் படிந்த கையோடு குழாய் ஒட்டியவரையும் யார் எழுதுவது?

உங்கள் வீட்டில் பெக்டரியிலோ கராஜிலோ வேலை செய்த பெரியவர் இருக்கிறாரா? இந்த லீவில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை எழுதி வையுங்கள். நாம எழுதாட்டி வேற யாரும் எழுதப் போறதில்ல.