டீல் என்னும் கடற்கரைப் பட்டினம்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலே, கெண்ட் மாகாணத்தில், டோவர் துறைக்கு வடகிழக்கே டீல் என்னும் சிறு பட்டினம் இருக்கின்றது. இலண்டனிலிருந்து புகைவண்டியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அங்குச் சேரலாம். நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடப்பவருக்குக் கடல் கண்ணிற் படுமுன்னரே அதன் ஒலி காதில் விழும். மணற்கரையில் அலை மோதும் ஒலியன்று அது. ஒவ்வோர் அலையும் மீளும்போது எண்ணிறந்த கற்களை உருட்டிக்கொண்டு இறங்கும் கரகரப்பு. டீலின் கரையில் மணல் மிகக் குறைவு. தவிட்டு நிறமும் சாம்பல் நிறமுமான கூழாங்கற்கள் மேடாகக் குவிந்து, செங்குத்தாகச் சரிந்து நீருக்குள் இறங்குகின்றன. வெறுங்காலுடன் நடப்பவர் பத்தடி செல்வதற்குள் அயர்ந்துவிடுவர்.

இக்கற்கள் எங்கிருந்து வந்தன? டோவரை அடுத்து நிற்கும் வெண்ணிறச் சுண்ணக் குன்றுகளுக்குள் தீக்கற்கள் பதிந்து கிடக்கின்றன. கடல் குன்றை அரிக்குந்தோறும் சுண்ணம் கரைந்து போக, கரையாத தீக்கற்கள் எஞ்சுகின்றன. அலைகள் அவற்றை உருட்டித் தேய்த்து வழவழப்பாக்கித் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆகவே டீலின் கரை நிலையாக நிற்பது போலத் தோன்றினும், உண்மையில் அஃது ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் கரையாகும்.

இப்பட்டினத்தின் வரலாற்றிலே வியப்புக்குரியது ஒன்றுண்டு. இங்கு ஆற்று முகத்துவாரம் இல்லை. காற்றைத் தடுக்கும் குடா இல்லை. கற்றுறையால் அமைந்த துறைமுகமும் என்றும் இருந்ததில்லை. அவ்வாறாகவும், பாய்க்கப்பல்களின் காலத்தில் இங்கிலாந்தின் கடல் வாணிகத்திற் பெரும்பகுதி இந்தக் கரையின் முன்னால் நின்று போயிற்று. காரணம் கரையில் இல்லை, கடலில் இருந்தது. டீலுக்கு எதிரே நான்கு மைல் அளவில் குட்வின் மணற்றிட்டு என்னும் நீண்ட திட்டு கிடக்கின்றது. அதன் நீளம் ஏறக்குறையப் பத்து மைல். அத்திட்டுக்கும் கரைக்கும் இடைப்பட்ட ஆழ்ந்த நீர்ப்பரப்பையே டவுன்ஸ் என்று மாலுமிகள் அழைத்தனர். கிழக்கிலிருந்து வரும் பேரலைகளைத் திட்டு தடுக்கும். மேற்குக் காற்றை நிலம் தடுக்கும். தேமிசு நதியிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியே மேற்கே செல்ல ஏற்ற காற்று வரும்வரை இங்கே நங்கூரமிட்டுக் காத்திருந்தன. சில நாட்களில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஒருங்கே நின்றதுண்டு.

காத்தது எதுவோ அதுவே கொன்றது. நங்கூரக் கயிறு அறுந்தால் கப்பல் சென்று மோதுவதும் அதே மணற்றிட்டில்தான். வற்று நீரில் அத்திட்டின் மேற்பரப்பு உலர்ந்து, மனிதர் நடமாடக்கூடிய உறுதியான நிலமாகிவிடும். 19 ஆம் நூற்றாண்டிலே அதன்மீது கிரிக்கெட் ஆடியவர்களும் உண்டு. ஏற்ற நீர் வந்ததும் மணல் இளகி, அகப்பட்ட கப்பலைச் சிறிது சிறிதாக விழுங்கிவிடும்.

துறைமுகம் இல்லாக் கரையில் கப்பல்களுக்கும் நிலத்துக்கும் இடையே பாலமாய் நின்றவர்கள் டீலின் படகோட்டிகள். உணவு, நீர், கடிதம், பிரயாணி, வழிகாட்டி ஆகிய அனைத்தும் அவர்களின் படகிலேயே சென்றன. புயலில் நங்கூரத்தை இழந்த கப்பலுக்கு, கொந்தளிக்கும் கடலிலே புதிய நங்கூரத்தையும் வடத்தையும் ஏற்றிச் செல்வது அவர்களின் தனித் தொழில். லகர் எனப்பட்ட பெரும் படகுகள் கூழாங்கல் மேட்டின் உச்சியில், முகத்தைக் கடலுக்குக் காட்டியபடி, பின்புறத்தில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு நிற்கும். சரிவிலே கொழுப்புத் தடவிய மரக்கட்டைகளை வரிசையாக இடுவர். தலைவன் அலைகளின் வரவை எண்ணிப் பார்த்து, தக்க கணத்தில் குரல் கொடுப்பான். பிணிப்பு விடுபட்டதும் படகு ஆட்களோடு சரிந்து பாய்ந்து, அடுத்த அலை உடைவதற்குள் அதனைத் தாண்டிவிட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் அலை படகைப் புரட்டிக் கற்களின்மீது எறிந்துவிடும். மீண்டு வரும் படகை, பலர் சுற்றித் தள்ளும் நிறுத்திய உருளையில் வடத்தைச் சுற்றி மேட்டுக்கு இழுத்தனர். மணற்கரையில் இவ்வித்தை பலிக்காது. செங்குத்தான கூழாங்கற் சரிவு டீலின் குறையன்று. அதுவே அதன் மூலதனம்.

இக்கரையின் பழங்கதை உரோமரோடு தொடங்குகின்றது. கி.மு. 55 இல் யூலியசு சீசர் பிரித்தானியாவுக்கு முதன்முறை வந்தபோது, டோவர்க் குன்றுகளின் மேல் ஆயுதபாணிகள் நிற்பதைக் கண்டு, மேலும் சில மைல் சென்று திறந்த தட்டையான கரையொன்றில் இறங்கினார். அவ்விடம் டீல், வோல்மர் அயலிலே இருந்திருத்தல் வேண்டுமென்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சில நாட்களின் பின் எழுந்த புயல் அவருடைய கப்பல்களைச் சிதைத்தது. துறைமுகமில்லாத கரையின் இயல்பை உரோமப் பேரறிஞனும் அனுபவித்தே அறிய வேண்டியதாயிற்று.

எட்டாம் ஹென்றி மன்னன் உரோமத் திருச்சபையோடு உறவை முறித்தபின், 1538 இல் பிரெஞ்சு மன்னனும் பேரரசன் ஐந்தாம் சார்லசும் சமாதானஞ் செய்துகொண்டனர். இருவரும் சேர்ந்து படையெடுப்பர் என்று அஞ்சிய ஹென்றி, கடற்கரை நெடுகக் கோட்டைகளை எழுப்பினான். 1539, 1540 ஆம் ஆண்டுகளில் டவுன்ஸைக் காக்க சாண்டவுன், டீல், வோல்மர் என மூன்று கோட்டைகள் கட்டப்பட்டன. டீல் கோட்டையை வானிலிருந்து நோக்கினால் இதழ் விரிந்த மலர் போன்றிருக்கும். அழகுக்காக அவ்வாறு அமைக்கவில்லை. பீரங்கிக் குண்டு வட்டச் சுவரில் வழுக்கிச் செல்லும் என்பதற்காக அமைத்தனர். 1539 டிசம்பரில் ஹென்றியின் நான்காம் மனைவியாகவிருந்த கிளீவ்ஸ் நாட்டு ஆன் இக்கரையிலேயே வந்திறங்கினாள். அத்திருமணம் ஏழு மாதமும் நிலைக்கவில்லை. கோட்டைகளுள் இரண்டு இன்றும் நிலைத்திருக்கின்றன. சாண்டவுன் கோட்டையைப் பகைவர் எவரும் வீழ்த்தவில்லை. கடல் வீழ்த்திற்று.

இலங்கை நேயர்களுக்கு அயலான செய்தியன்று 1639 ஒக்டோபரில் இங்கு நிகழ்ந்த போர். ஒக்வெண்டோ என்னும் தளபதியின் தலைமையில் வந்த ஸ்பானியக் கடற்படை, ஒல்லாந்த வீரன் டிரொம்பின் தாக்குதலுக்கு அஞ்சி டவுன்ஸிலே புகலடைந்தது. நடுநிலை நாட்டின் நீரில் போர் செய்தல் ஆகாது என்று ஆங்கிலேயர் எச்சரித்தும், டிரொம்ப் அதனைப் பொருட்படுத்தாது உள்ளே நுழைந்தான். ஆங்கிலத் தளபதி கைகட்டி நிற்க, ஸ்பானியக் கப்பல்கள் பல எரிந்தன. பல டீல், வோல்மர்க் கரைகளில் ஏறி உடைந்தன. போர்த்துக்கல் அக்காலம் ஸ்பானிய மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், போர்த்துக்கேயரின் பெருங்கப்பலான சாந்தா தெரேசாவும் அங்கே தீக்கிரையாயிற்று. அதே 1639 ஆம் ஆண்டின் மே மாதத்திலேதான் ஒல்லாந்தர் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இரண்டும் ஒரே பெரும்போரின் இரு முனைகள். திருகோணமலையிலே தோற்ற போர்த்துக்கேயருக்கு ஐரோப்பாவிலிருந்து வரக்கூடிய கடற்பலம் டீலின் கரையிலே மேலும் குன்றியது.

இப்பட்டினத்தின் நெஞ்சிலே ஆறாத வடுவாய்ப் பதிந்தது 1703 ஆம் ஆண்டுப் பெரும்புயல். அக்காலத்து ஆங்கில நாட்காட்டிப்படி நவம்பர் 26 ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாட் காலைவரை வீசிய அப்புயலில், டவுன்ஸில் நங்கூரமிட்டிருந்த கடற்படைக் கப்பல்களான நோதம்பர்லந்து, ரெஸ்ரொரேசன், ஸ்ரேர்லிங் காசில், மேரி ஆகிய நான்கும் குட்வின் திட்டில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். முதலிரண்டு கப்பல்களிலும் ஒருவரும் தப்பவில்லை. மேரி என்னும் கப்பலில் தப்பியவன் ஒருவனே. தோமஸ் அற்கின்ஸ் என்னும் அவனை ஓர் அலை தூக்கி ஸ்ரேர்லிங் காசிலின் தட்டிலே எறிந்ததாம்.

பொழுது விடிந்து நீர் வற்றியபோது, எஞ்சியவர்கள் திட்டின் மணலிலே அங்குமிங்கும் நடந்து கையசைப்பதைக் கரையிலிருந்தோர் தொலைநோக்கிக் கண்ணாடியாற் கண்டனர். ஏற்ற நீர் திரும்பியதும் அவர்கள் சாவது உறுதி. ராபின்சன் குரூசோவை எழுதிப் பிற்காலத்தில் புகழெய்திய தானியேல் டீஃபோ, அடுத்த ஆண்டு வெளியிட்ட புயல் என்னும் நூலில் டீல் மக்கள்மீது கொடிய பழி சுமத்தினார். மிதக்கும் பொருள்களை அள்ளுவதற்குப் படகு விட்டவர்கள், மனிதரை ஏற்ற மறுத்தனர் என்பதே அப்பழி. அவரே அந்நூலில் ஒரு விதிவிலக்கையும் காட்டுகின்றார். பட்டினத்தின் நகரபிதாவாயிருந்த சைமன் பிரிச்சாட், சுங்க அதிகாரிகளிடம் படகு கேட்டார். அவர்கள் மறுத்தனர். படகுகளை வலிந்து எடுத்து, காப்பாற்றப்படும் ஒவ்வோர் உயிருக்கும் ஐந்து சிலிங் தருவதாக அறிவித்து, ஏறக்குறைய இருநூறு பேரைக் கரை சேர்த்தார். அத்தோடு தொல்லை தீரவில்லை. பசியாலும் குளிராலும் நடுங்கியவர்களுக்கு உணவும் உறைவிடமும் தர அரசியின் முகவர் மறுக்க, பிரிச்சாட் தம் செலவிலே உணவளித்தார். இறந்தவர்களை அடக்கஞ் செய்வித்தார். பிழைத்தோருக்கு வழிச்செலவும் கொடுத்தார்.

டீஃபோவின் பழி நியாயமானதா? அவர் அன்று டீலில் இருக்கவில்லை. பத்திரிகை விளம்பரம் செய்து, ஊரூராக வந்த கடிதங்களைத் திரட்டியே நூலை எழுதினார். பிரிச்சாட்டின் படகுகள் சென்று மீண்டமையால், கடக்க முடியாத கடல் என்று மற்றவர்கள் சாக்குச் சொல்லுதல் இயலாது. இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். நகரபிதா தனியே இருநூறு பேரைத் தூக்கி வரவில்லை. அவரோடு துடுப்புப் பிடித்தவர்களும் அவ்வூர் மக்களே. பெயர் எழுதப்படாத அவர்கள் பழிக்குரிய ஊரின் கணக்கிலே சேர்ந்துவிட்டனர். கரையில் நின்றே பார்த்திருந்த சுங்க அதிகாரிகளும், உணவு மறுத்த அரசாங்க முகவரும் பொதுமக்கள் நினைவில் இலேசாகத் தப்பிவிட்டமை வியப்பன்று. ஏழைப் படகோட்டியைப் பழிப்பது எக்காலத்திலும் எளிது. ஸ்ரேர்லிங் காசிலின் சிதைவை மணல் விலகியபோது 1979 இல் சுழியோடிகள் கண்டெடுத்தனர்.

டீல் மக்கள் மாசற்றவர்கள் என்பதும் பொருந்தாது. பிரான்சு சமீபத்தில் இருக்க, தேயிலைக்கும் பிராந்திக்கும் அரசாங்கம் கடுந்தீர்வை விதிக்க, கள்ளக் கடத்தல் ஊர்த்தொழிலாயிற்று. 18 ஆம் நூற்றாண்டில் கடத்தப்பட்ட தேயிலை சீனத் தேயிலை. இலங்கையிலே தேயிலைத் தோட்டம் தோன்றுவதற்கு அப்போது நெடுங்காலம் இருந்தது. 1784 சனவரியில் கடுங்குளிரால் படகுகளெல்லாம் கரையேற்றப்பட்டிருந்த வேளை பார்த்து, பிரதம மந்திரி இளைய பிற் படைவீரரை அனுப்பி அவற்றைத் தீயிட்டுக் கொளுத்தச் செய்தார். கடத்தற்காரனின் படகும், கப்பலுடைந்தோரைக் காத்தவனின் படகும் பெரும்பாலும் ஒன்றே என்பதை அத்தீ பகுத்தறியவில்லை. அவ்வாண்டிலேயே தேயிலைத் தீர்வையை நூற்றுக்கு நூறு வீதத்திற்கு மேலிருந்து பன்னிரண்டரை வீதமாகக் குறைத்ததே கடத்தலை உண்மையில் ஒடுக்கியது. அந்தச் சட்டத்தையும் பிற்றே கொண்டுவந்தார். முதலில் அதனைச் செய்திருந்தால் படகுகளை எரிக்க வேண்டியிருந்திராது. எட்டாண்டுகளின் பின், 1792 இல், அதே பிற் கடலோர ஐந்து துறைகளின் காவற்றலைவராகி, டீலுக்கு அடுத்த வோல்மர்க் கோட்டையிலே வந்து குடியேறினார் என்பது விந்தை. வெலிங்டன் பிரபுவும் அப்பதவியிலிருந்து, 1852 இல் அக்கோட்டையிலேயே உயிர் நீத்தார்.

குட்வின் திட்டு விழுங்கிய கப்பல்களுள் தமிழ் மக்களின் கவனத்துக்குரியது ஒன்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பனியின் அட்மிரல் கார்டினர் என்னும் கப்பல் 1809 சனவரியில் இந்தியாவுக்குப் புறப்பட்டு, டவுன்ஸிலே புயலில் அகப்பட்டுத் திட்டில் உடைந்தது. மாலுமிகளுட் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டனர். கப்பலிலோ சென்னை மாகாணத்துக்கென்று பேர்மிங்காமிலே அச்சிடப்பட்ட செப்பு நாணயங்கள் பீப்பாய் பீப்பாயாக இருந்தன. 1980 களில் சுழியோடிகள் அவற்றுள் இலட்சக்கணக்கானவற்றை மீட்டனர். ஒரு பக்கத்தில் கம்பனியின் முத்திரையும் 1808 என்னும் ஆண்டும். மறுபக்கத்தில் பாரசீக எழுத்தும், பத்து அல்லது இருபது காசு என்னும் பெறுமதியும் பொறிக்கப்பட்டிருந்தன. காசு என்பது நம் சொல். தமிழகத்துச் சந்தைகளிலே புழங்க வேண்டிய அக்காசு, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலேயரின் கடலடி மணலிலே கிடந்தது.

கரையோரத்தில் நாற்சதுரமான கோபுரமொன்று நிற்கின்றது. கடத்தற்காரரைக் கண்காணிக்கும் சமிக்ஞைக் கோபுரமாக எழுந்த அது, 1855 இல் வேறு பணி ஏற்றது. உச்சியிலுள்ள கம்பத்தில் பெரிய பந்தொன்றை ஏற்றி, கிறீன்விச் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து வரும் மின்சமிக்ஞையால் பிற்பகல் சரியாக ஒரு மணிக்கு விழச் செய்தனர். நெடுங்கோட்டைக் கணிக்கக் கப்பற் கடிகாரம் பிழையின்றி இருத்தல் வேண்டும். பந்து விழும் கணத்தை நோக்கி டவுன்ஸிலிருந்த கப்பல்கள் யாவும் கடிகாரத்தைச் சரிசெய்தன. வானொலி நேர அறிவிப்பு வந்தபின் அப்பணி 1927 இல் ஓய்ந்தது.

நீராவிக் கப்பல் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டவுன்ஸ் வெறுமையாயிற்று. படகோட்டிகள் மீன்பிடித்தும், உல்லாசப் பிரயாணிகளை ஏற்றியும் பிழைத்தனர். கடலுக்குள் நீண்டிருந்த இரும்பு நடைபாலத்தின்மீது, 1940 சனவரியில் கண்ணிவெடியால் சேதமுற்ற ஒல்லாந்தக் கப்பலொன்று மோதி அதனைப் பிளந்தது. இப்போதுள்ள பாலம் 1957 இல் திறக்கப்பட்டது. 1989 செப்டெம்பரில் அரச கடற்படைவீரரின் இசைப் பயிற்சி நிலையத்தில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துப் பதினொரு இசைஞர் மாண்டனர். அந்நிலையமும் பின்னர் மூடப்பட்டது.

இன்று டீலுக்குச் செல்பவர், குறுகிய தெருக்களில் நெருங்கி நிற்கும் பழைய படகோட்டிகளின் வீடுகளைக் காணலாம். கடலரணுக்காக வெளியிலிருந்து கூழாங்கற்களைக் கொண்டுவந்து கரையிற் கொட்டுகின்றனர். கடல் அவற்றையும் வடக்கு நோக்கி நகர்த்துகின்றது. நடைபாலத்தின் நுனியிலே தூண்டிலிடுவோர் வரிசையாக நிற்பர். மேட்டின்மீது சில மீன்பிடிப் படகுகள் இன்றும் கடலை நோக்கியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. தெளிந்த நாளில், நீர் வற்றும் வேளையில், அவற்றுக்கு அப்பால் தொலைவிலே ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். அது குட்வின் திட்டின்மேல் உடையும் அலை.