மலையேறியவர்களின் கதை தமிழுக்கு வந்த வழி

கடல் தாண்டிப் போனவர்களுக்கு ஏடுகள் உண்டு. 1879 முதல் 1916 வரை பிஜிக்குக் கப்பலேறிய ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர், வயது எல்லாம் குடியேற்றச் சீட்டில் எழுதப்பட்டன. இலங்கைக்குப் போனவர்களும் பிற்காலத்தில் மண்டபம் முகாமின் பதிவுகளைக் கடந்தே போக வேண்டியிருந்தது. ஆனால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எந்தத் துறைமுகத்தையும் கடக்கவில்லை. புறப்பட்ட ஊரும் சேர்ந்த மலையும் ஒரே சென்னை மாகாணத்துக்குள் இருந்ததால், அவர்கள் ஊர் பெயர்ந்ததாகவே அரசு கருதவில்லை. உள்நாட்டுப் புலப்பெயர்வின் வரலாறு மெலிந்து கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். அப்படி மெலிந்த இடத்தில் இலக்கியமும், குறிப்பாக மொழிபெயர்ப்பும், ஆவணத்தின் வேலையைச் செய்ய நேர்கிறது.

மாகாண எல்லைக்குள் இருந்ததால் அந்தப் பயணம் சுதந்திரமானது என்று எண்ணிவிடக் கூடாது. பஞ்சமும் நிலமின்மையும் ஊரை விட்டுத் தள்ளின. தோட்டத்துக்கு ஆள்பிடிக்கும் மேஸ்திரி கொடுத்த முன்பணம் மலைக்கு இழுத்தது. ஆள் வேலை செய்த நாளுக்கெல்லாம் மேஸ்திரிக்குக் கமிஷன் உண்டு. அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்தது போகக் கணக்கு முடிக்கும்போது கடன் மிஞ்சினால், அடுத்த ஆண்டும் மலையில்தான். இடையில் ஓடிப் போனால் அது கைமாற்றுத் தகராறாக மட்டும் நிற்கவில்லை. 1859-ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சட்டம் 1926 வரை நடப்பில் இருந்தது. கடலுக்குப் பதில் கடனும் காடும் மலேரியாவும் வழியை அடைத்தன.

இந்த வாழ்க்கையை விரிவாகச் சொன்ன நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. 1940-களில் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், தொழிலாளர்கள் தமிழில் சொல்லக் கேட்டவற்றைக் கொண்டு 'ரெட் டீ' நாவலை எழுதி 1969-இல் வெளியிட்டார். கருப்பனும் வள்ளியும் 1920-களில் ஊரை விட்டு மலைக்குப் போகும் கதை அது. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று அது தமிழுக்கு வந்தது 2007-இல். 2013-இல் பாலாவின் 'பரதேசி' படத்துக்கும் அடிப்படையானது. தமிழில் சொல்லப்பட்ட சாட்சியம் தமிழ் வாசகரைச் சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆங்கிலத்தில் காத்திருந்தது. ஆங்கில நூல் பிறரிடம் தொழிலாளருக்காகப் பேசியது; தமிழ் நூலைத் தொழிலாளரின் பிள்ளைகளே எடுத்துப் படித்துச் சரிபார்க்க முடிந்தது.

தமிழில் இதற்கு முன் எதுவும் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பாரதி பிஜியின் கரும்புத் தோட்டத்தைப் பாடினார். புதுமைப்பித்தன் 1935-இல் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை எழுதினார். இரண்டும் கடலுக்கு அப்பாலுள்ளவை. தோட்டத் தொழிலாளரைப் பற்றி டி. செல்வராஜின் 'தேநீர்' நாவலும் உண்டு. ஆனால் முன்பணம் வாங்கிய நாள் முதல் நோயில் விழுந்த நாள் வரை ஆனைமலையைத் தொடர்ச்சியாகச் சொன்னது டேனியலின் நூல்.

நாவலை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பது இன்னும் கனமான கேள்வி. தனியாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் நாவல் சொல்லும் ஆள்பிடிப்பும் முன்பணக் கடனும் கற்பனையல்ல. 1931-இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையமும் அவற்றை விசாரித்தது. தென்னிந்தியத் தோட்டங்களைப் பற்றிக் கே. ரவி ராமன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு நூலும், அசாம் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ரானா பெகல் 2014-இல் வெளியிட்டதும் இந்த முறையின் பொருளாதாரத்தைத் தெளிவாக்குகின்றன. அவற்றில் கிடைப்பது முறை. நாவலில் கிடைப்பது அந்த முறைக்குள் ஒரு குடும்பம் எந்த வரிசையில் எதை இழந்தது என்பது. நாவலுக்குக் குறையும் உண்டு. நல்ல மருத்துவர் வந்தபின் விடிவு தெரிவதாகக் கதை திரும்பும்போது, தொழிலாளரின் சொந்த எதிர்ப்பு சிறுத்துவிடுகிறது. அந்தக் குறையை மொழிபெயர்ப்பு நீக்கவில்லை. ஆனால் மலையில் வாழ்ந்த தலைமுறைகள் அதைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பை அது உண்டாக்கியது. எந்தச் சான்றும் அதை மறுக்கக்கூடியவர்களின் மொழியில் இருந்தால்தான் சோதனைக்கு உள்ளாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உள்நாட்டில் இடம் பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேல் என்றது. திருமணத்துக்காக ஊர் மாறிய பெண்களே இதில் மிகப் பெரிய பிரிவு. யார் யாரிடம் கடன்பட்டுப் புறப்பட்டார் என்பதை அந்த எண் சொல்லாது. இன்று ஆனைமலையின் வால்பாறைத் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அவர்களின் பேச்சைத் தமிழில் வாசிக்க வழியில்லை. தமிழர்கள் அதே மலையில் பட்டதை அவர்களும் வாசிக்க முடியாது. ஆகவே இந்திய மொழிகளுக்கிடையே நேரடியாக நடக்கும் மொழிபெயர்ப்பைப் புலப்பெயர்வு ஆய்வு தன் அடிப்படைப் பணிகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். ஆங்கிலத்தின் வழியே சுற்றி வரட்டும் என்று விட்டால், இவர்கள் கதை இவர்கள் பிள்ளைகளைச் சேரவும் இன்னொரு நாற்பது ஆண்டு ஆகும்.