பதினான்கு வயலின்களும் ஒரு விரலும்

கடந்த ஆண்டு தம்பலகாமத்திற்குச் சென்றிருந்தபோது எனது தங்கையின் மகன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் துறையில் கேள்வி கேட்டுப் பழகியவன் நான். அன்று பதில் கூற இயலாமல் நின்றேன்.

அவனும் நண்பர்களும் ஒரு குறும் ஆவணப்படம் தயாரிக்கின்றனர். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைத்துப் பாய்ந்ததே, அதைப் பற்றிய படம். நூற்றுக்கும் மேற்பட்டோரை அந்த வெள்ளம் கொண்டு சென்றது. படத்திற்கு இசையமைப்பவன் எனது மருமகன். அவனிடம் வாத்தியக் குழு இல்லை. ஒரு மடிக்கணினியும் சிறியதொரு விசைப்பலகையும் மட்டுமே உள்ளன.

"மாமா, எல்லா வயலினும் செலோவும் ஒன்றாச் சேர்ந்த தொகுதியை வாங்கவா, ஒவ்வொரு பிரிவும் தனித்தனியா இருக்கிறதை வாங்கவா? காசு ஒன்றுக்குத்தான் இருக்கு" என்றான்.

எனக்கு இசை தெரியாது என்றேன். "வரலாறு தெரியுந்தானே, அதைச் சொல்லுங்கோ" என்றான். அந்தச் சொல்லைத் தட்ட முடியவில்லை. கொழும்பு திரும்பியதும் தேடத் தொடங்கினேன். தேடியதில் விளங்கியவற்றை இங்கு எழுதுகிறேன்.

முதலில் விடயத்தைக் கூறிவிடுகிறேன். மேனாட்டு வாத்தியக் குழுவின் உண்மையான ஒலிகளைச் சுரம் சுரமாகப் பதிந்து, விசையை அழுத்தினால் அவை ஒலிக்கும்படி கணினிக்குள் அடுக்கி வைத்திருப்பதே ஒலிமாதிரித் தொகுதி எனப்படுவது. இதில் இரு வகை உண்டு. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செலோ, டபுள் பேஸ் எனும் ஐந்து தந்திப் பிரிவுகளையும் தனித்தனியே தருவது ஒன்று. அனைத்தையும் ஒன்றாகக் கலந்து, இடப்புறம் தாழ்ந்த ஒலி, வலப்புறம் உயர்ந்த ஒலி என ஒரே விசைப்பலகையில் விரித்துத் தருவது மற்றொன்று. முன்னையதைப் பிரிவுத் தொகுதி என்றும் பின்னையதைக் கூட்டுத் தொகுதி என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் ஹாரி சேம்பர்லின் என்பவர், ஒவ்வொரு விசைக்கும் ஒரு காந்த நாடாவைப் பொருத்திய கருவியொன்றை உருவாக்கினார். அதன் வழிவந்த மெலோட்ரான் 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இருந்து வெளிவந்தது. விசையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு வினாடிகளில் முடிந்துவிடும். 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபார் எவர்' பாடலின் தொடக்கத்தில் கேட்கும் புல்லாங்குழல் இந்தக் கருவியில் இருந்து எழுந்ததே. மெலோட்ரானின் புகழ்பெற்ற தந்தி ஒலியின் பெயர் 'மூன்று வயலின்கள்'. மூவர் சேர்ந்து வாசித்ததை ஒரு விரல் ஒலிக்கச் செய்தது. ஆதலால் ஆரம்பமே கூட்டுத் தொகுதிதான். பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அன்றே கலக்கமுற்றது. அந்தக் கலக்கம் வீணானதன்று.

அடுத்த கட்டம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1979இல் சிட்னி நகரின் பீட்டர் வோகல், கிம் ரைரி ஆகியோர் ஃபேர்லைட் எனும் கணினி இசைக்கருவியை வெளியிட்டனர். அதில் இருந்த ஒலிகளில் ஒன்று ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை'யில் இருந்து வெட்டியெடுக்கப்பட்ட ஒரு கணப்பொழுது. முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து எழுப்பிய ஒரு பேரொலி, ஒரே விசைக்குள் அடக்கப்பட்டது. 1982இல் 'பிளானட் ராக்' எனும் பாடலில் அது ஒலித்த பின்னர் உலகெங்கும் அந்த ஒலியைக் கேட்டனர். அதற்குள் எத்தனை பேர் இருந்தனர், யார் எதை வாசித்தனர் என்பதைப் பிரித்தறிய எவராலும் இயலாது.

இதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது என்பதே நம்மவர்க்கு முக்கியம். 1976இல் 'அன்னக்கிளி'யுடன் வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையின் எழுத்துமுறையைப் பயின்றவர். முதல் வயலினுக்கு ஒரு தாள், இரண்டாம் வயலினுக்கு ஒரு தாள், செலோவுக்கு ஒரு தாள் என அவர் எழுதிக் கொடுக்க, ஒலிப்பதிவுக் கூடத்தில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர். எழுத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப்பாதை. ஒலியில் அனைவரும் ஒரே கூடம். 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டவர்கள் இதனை அறிவர். சிறுவயதில் எங்கள் வீட்டு வானொலியில் அப்பாடல்களைக் கேட்டபோது, பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கிடையில் அடியில் ஏதோ ஒன்று தனியே நடந்து செல்வது போல் இருக்கும். அது செலோப் பிரிவு என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

கணினி இசையை இளையராஜா பயன்படுத்திய 'புன்னகை மன்னன்' வெளிவந்ததும் அதே 1986இல்தான். ஆறாண்டுகள் கழித்து, 1992இல், 'ரோஜா' வந்தது. ஏ. ஆர். ரகுமான் தமது வீட்டோடு அமைந்த கூடத்திற்குக் கலைஞர்களைத் தனித்தனியே அழைத்துப் பதிந்து, பின்னர் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். அந்த நுணுக்கம் வியப்பூட்டியது உண்மை. எனினும் அதன்பின் நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் அமரும் வழக்கம் படிப்படியாகக் குறைந்தது. தந்திப் பிரிவின் இடத்தை விசைப்பலகையில் ஒருவரே நிரப்பக்கூடிய காலம் வந்தபோது, நாளாந்தம் வயலின் பெட்டியோடு கோடம்பாக்கம் சென்றுவந்த பலர் வேறு தொழில் தேட நேர்ந்தது. பின்னர் 2008இல் அதே ரகுமான் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியைத் தொடங்கி, வறிய குடும்பத்துச் சிறுவர்க்குத் தந்தி வாத்தியங்களைக் கற்பிக்கும் சன்ஷைன் வாத்தியக் குழுவையும் அமைத்தார் என்பதை இவ்விடத்தில் மறக்கலாகாது. வாசிப்போர் இல்லாமற் போனால் பதிவதற்கும் ஒலி இராது.

பிரிவுத் தொகுதியின் வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது என்பது எனது கருத்து. 1998இல் கிகாசாம்ப்ளர் எனும் மென்பொருள், ஒலிகளைக் கணினியின் வன்தட்டில் இருந்து நேரடியாக எடுத்து ஒலிக்கச் செய்யும் வழியைக் காட்டியது. அதுவரை நினைவகத்தின் சிறுமையே எல்லையாக இருந்தது. இதன் பின்னர் செலோக் கலைஞரான ஹெர்ப் டுக்மாண்டல் தொடங்கிய வியன்னா சிம்பொனிக் நூலகம், 2002இல் தனது முதல் தொகுதியை வெளியிட்டது. அமைதியான தனிக்கூடமொன்றில் ஒவ்வொரு பிரிவையும் தனியே அமர்த்திப் பதிந்தனர். ஒரு சுரத்தை மட்டுமன்றி, ஒரு சுரத்தில் இருந்து மற்றொன்றுக்கு வில் வழுக்கிச் செல்லும் இடைவெளியையும் பதிந்தனர். வாசிப்பவராக இருந்த ஒருவருக்கே தோன்றக்கூடிய எண்ணம் அது. 2009இல் வந்த எல்.ஏ. ஸ்கோரிங் ஸ்ட்ரிங்ஸ் இன்னும் ஒருபடி சென்று, ஒரு பிரிவையே சிறு குழுக்களாகப் பிரித்துப் பதிந்தது.

இதற்கு மறுதலையாக 2011இல் இலண்டனின் ஸ்பிட்ஃபயர் நிறுவனம் வெளியிட்ட ஆல்பியன், கூட்டுத் தொகுதிக்கு மீண்டும் மதிப்பை ஈட்டிக் கொடுத்தது. காலையில் படம் வந்து மாலையில் இசை கேட்கும் உலகில், விரைவாக எழுத அது உதவிற்று. அதை இகழ்வதற்கில்லை.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். எளியதொரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் வயலின் பிரிவில் 14 பேர் எனக் கொள்வோம். அவர்களை மூன்று சுரங்களில் பிரித்து வாசிக்கச் சொன்னால் ஐவர், ஐவர், நால்வர் எனப் பிரிவர். ஒலி மென்மையாகும், ஆனால் ஆட்தொகை மாறாது. தொகுதியிலோ ஒரு விசைக்குள் 14 பேரும் இருக்கின்றனர். மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினால் 42 வயலின்கள் ஒலிக்கும். ஐந்து விரல்களையும் வைத்தால் 70. உலகில் எந்த வாத்தியக் குழுவிலும் இல்லாத கூட்டம் அது. கூட்டுத் தொகுதியைக் கொண்டு இசையமைக்கப்பட்ட பல படங்களில் எல்லாக் காட்சியும் ஒரே பெருமிதத்தோடு வீங்கி ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொன்றும் உண்டு. கூட்டுத் தொகுதியில் ஒலியை ஏற்றி இறக்கும் சக்கரம் ஒன்றே. மேலே வயலின் தணியும்போது அடியில் செலோ எழவேண்டுமெனில் அதற்கு வழியில்லை. எழுந்தால் அனைவரும் எழுவர். தணிந்தால் அனைவரும் தணிவர். நடுவில் இருக்கும் வியோலாவுக்கு என ஒரு பாதையும் இராது. கை எங்கே விழுகிறதோ அங்கே அதன் சுரம்.

ஆயினும் பிரிவுத் தொகுதியே சிறந்தது எனத் தீர்ப்பளிக்கவும் மனம் வரவில்லை. தனித்தனியே பதியப்பட்ட வயலினும் செலோவும் ஒன்றையொன்று கேட்டதில்லை. கூட்டுத் தொகுதியில் வாசித்தவர்களோ ஒரே கூடத்தில் அமர்ந்து, பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்கு ஏற்ப வில்லை இழுத்தவர்கள். அந்த உறவு ஒலியில் கலந்திருக்கிறது. பின்னர் எவராலும் அதைச் சேர்க்கவியலாது. ஒன்றில் தனிமனிதன் உண்டு, உறவு இல்லை. மற்றதில் உறவு உண்டு, தனிமனிதன் இல்லை.

இதனை நமது ஊர்க் கோயிலில் வைத்து எண்ணிப் பார்த்தேன். 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்தபோது காப்பாற்றப்பட்ட திருவுருவங்களுக்காக எழுந்ததெனக் கூறப்படுவது தம்பலகாமம் ஆதிகோணநாயகர் ஆலயம். இன்னின்ன தொண்டு இன்னின்னாருக்கு என வகுத்து வைத்த மரபு கோணேசர் ஆலயத்துக்கு உரியது. நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து என நால்வகைக் கைகள் சேர்ந்ததே மேளக்கச்சேரி. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடத்தைத் தவில்காரர் அறிவார்; அந்த இடத்தை அவர் நிரப்புவார். அங்கே பிரிவும் உண்டு, கூட்டும் உண்டு. இன்றோ ஒத்து ஊதுபவரின் இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. மேளக்காரருக்குக் கொடுக்க வசதியற்ற கோயில்கள் பலவற்றில் முரசும் மணியும் தாளமும் ஒன்றாகப் பூட்டிய மின்சார மேளம் பூசை வேளையில் முழங்குகிறது. ஆளியை அழுத்தினால் அனைத்தும் ஒன்றாக ஒலிக்கும் அதுவும் ஒரு கூட்டுத் தொகுதிதான். அதனைக் குறை கூற எனக்கு உரிமையில்லை. மேளக்காரரின் பிள்ளை வேறு தொழிலுக்குச் சென்றது எதனால் என்பதை நாமெல்லோரும் அறிவோம்.

நான் மருமகனுக்குத் தொலைபேசியில் கூறியது இவ்வளவே. "முதலில் காசைச் செலவழிக்காதே. 2020இல் பிபிசி சிம்பொனி வாத்தியக் குழுவின் ஒலிகளைக் கொண்டு ஸ்பிட்ஃபயர் வெளியிட்ட டிஸ்கவர் எனும் சிறு பதிப்பு, படிவமொன்றை நிரப்பிக் காத்திருந்தோருக்கு இலவசமாகவே கிடைத்தது. அதில் பிரிவுகள் தனித்தனியே உண்டு. அவ்வாறான ஒன்றில் இருந்து தொடங்கு. கூட்டு ஒலியில் விரைவாக எழுதிப் பார். பிறகு ஒவ்வொரு விரலும் யாருடையது எனக் கேட்டுப் பிரித்து எழுது. ஒவ்வொரு பிரிவையும் நீயே தனியாகப் பாடிப் பார். பாட முடியாத பாதையை வாசிப்பவருக்கும் கொடுக்காதே, கணினிக்கும் கொடுக்காதே."

2025 மார்ச் 8ஆம் திகதி இலண்டனில் இளையராஜாவின் முதலாவது சிம்பொனியை ரோயல் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு அரங்கேற்றியபோது, ஒவ்வொரு கலைஞரின் முன்னும் அவரவர்க்கென எழுதிய தாள் இருந்தது. எண்பது வயதைக் கடந்த ஒருவர் தனியே அமர்ந்து எழுதியவை அவை. தொழில்நுட்பம் எங்கே சென்றாலும் அந்தத் தாளுக்கு மாற்று வந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

சில வாரங்களின் பின் மருமகன் தான் எழுதிய இசையை அனுப்பி வைத்தான். முதலில் எழுதியதையும் திருத்தியதையும் சேர்த்தே அனுப்பியிருந்தான். முதலாவதில் அணை உடையும் காட்சிக்கு எல்லாத் தந்திகளும் முழங்கின. ஆங்கிலப் படம் பார்ப்பது போல் இருந்தது. இரண்டாவதில் அந்த இடத்தில் டபுள் பேஸ் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிறது. சற்று நேரத்தின் பின் வியோலா தனியே வருகிறது. வயலின்கள் வாய் திறக்கவேயில்லை.

1986இல் எனக்குப் பதினாறு வயது. கந்தளாயில் இருந்த உறவினரைத் தேடி எனது தந்தையார் சென்றார். மூன்றாம் நாள் திரும்பி வந்து, கால்களைக் கழுவிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். எவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரும் கூறவில்லை. இதை நான் மருமகனுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. ஆயினும் அந்த வியோலா வந்த இடத்தில் எனக்கு அந்தத் திண்ணையே தெரிந்தது.

சென்னையிலோ கொழும்பிலோ அக்கால ஒலிப்பதிவுக் கூடங்களில் தந்தி வாத்தியம் வாசித்த அன்பர்கள் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், தங்கள் நினைவுகளை எழுதியனுப்புமாறு வேண்டுகிறேன். நீங்கள் எந்த வரிசையில் அமர்ந்தீர்கள், உங்கள் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். பாடல்களின் பட்டியலில் இல்லாத பெயர்கள் அவை.