வெந்நீர் மலையில் ஒரு சோதனைச்சாவடி

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன ஹக்கோனே மலைகள். வெந்நீரூற்றுகளில் நீராடவும், கந்தகப் புகை எழும் ஓவாகுதானிப் பள்ளத்தாக்கில் அவித்த கரிய முட்டைகளைச் சுவைக்கவுமே பலரும் அங்கு செல்கின்றனர். நானும் அவ்வாறே சென்றேன். திரும்புகையில் மனத்தில் நின்றது வெந்நீரன்று. ஒரு சிறு குளமும் ஒரு பெண்ணின் பெயருமே.

ஹக்கோனே ஓர் எரிமலை. 2015ஆம் ஆண்டிலும் அங்கு சிறு வெடிப்பு நிகழ்ந்தது. இன்றைய டோக்கியோ, எடோ என்று வழங்கிய காலத்தில் இம்மலையின் ஏழு ஊற்றூர்கள் புகழ்பெற்றிருந்தன. பிணி தீர வந்தோர் ஏழு நாள்களை ஒரு சுற்றாகக் கொண்டு, மூன்று சுற்றுகள் தங்கி நீராடுவது வழக்கம்.

அதே மலையில், ஆஷி ஏரிக்கரையில், டொகுகாவா ஆட்சியினர் 1619இல் ஒரு சோதனைச்சாவடியை நிறுவினர். எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ பெருவழி அதனூடாகவே சென்றது. நாட்டுப் பிரபுக்களின் மனைவி மக்கள் எடோவில் பிணையாக வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தப்பிச் சென்றால் பிரபுக்கள் கிளர்ந்தெழுவர் என்பது ஆட்சியின் அச்சம். ஆதலால் எடோவைவிட்டு வெளியேறும் பெண்களே கடுமையாகச் சோதிக்கப்பட்டனர். அவர்தம் அங்க அடையாளங்கள் அனுமதிச்சீட்டில் எழுதப்பட்டன. சோதிப்பதற்கென அமர்த்தப்பட்ட பெண்கள் கூந்தலையும் அவிழ்த்துப் பார்த்தனர்.

ஏழு ஊற்றூர்களும் சாவடிக்கு எடோப் பக்கத்திலேயே அமைந்திருந்தன. நீராட வந்தவர் அதைக் கடக்காமலே வீடு திரும்பலாம். மறுபக்கத்தில் வீடு உள்ளவர்க்கு அவ்வசதி இல்லை.

ஓத்தாமா என்ற இளம்பெண் எடோவில் பணிப்பெண்ணாக இருந்தவள். அவளது ஊர் மலைக்கு அப்பால், இசுத் தீபகற்பத்தில் இருந்தது. அனுமதிச்சீட்டின்றி ஊர் திரும்ப முயன்ற அவள், 1702இல் சாவடியைத் தவிர்த்து மலைவழியே செல்கையில் பிடிபட்டாள். அவளுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பழைய பெருவழியின் அருகே அமைதியாகக் கிடக்கும் குளமொன்று இன்றும் அவள் பெயரால் வழங்குகிறது.

1869இல் சாவடி ஒழிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டுத் திருத்த வேலைகளை விவரிக்கும் ஆவணம் 1983இல் கிடைத்தது. அதனைக் கொண்டு சாவடி பழைய வடிவிலேயே மீளக் கட்டப்பட்டு, 2007இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. இன்று கட்டணம் செலுத்தி உள்ளே செல்வோர் மகிழ்ச்சியுடன் படம் பிடிக்கின்றனர்.

எமது நாட்டு வீதிகளில் அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வரிசையில் நின்ற தலைமுறையைச் சேர்ந்தவன் நான். என்னால் அங்கு படம் பிடிக்க இயலவில்லை. பிரபுக்களின் மனைவியரைத் தடுப்பதற்கென எழுந்த சாவடி அது. அதன் சட்டத்துக்கு உயிரைக் கொடுத்தவளோ, தன் வீட்டுக்குப் போக விரும்பிய ஓர் ஏழைப் பெண்.